யாளிக்குட்டிக்கு மூச்சு கொடுப்பது: 40 லட்சத்தில் ஒரு சிறுவர் சாகசப் படம்

கேள்வி இது: கையில் 40 லட்சம் ரூபாய். கோயில் தூணிலிருந்து இறங்கி வந்த யாளிக்குட்டி ஒன்றை, 9 முதல் 13 வயதுக்குள் இருக்கும் நான்கு பிள்ளைகள் சிலைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றும் கதை. யாளியை கிராபிக்ஸில் செய்வதா, பொம்மையாகச் செய்வதா? எங்கே சறுக்கும்?

பொம்மையாகச் செய்யுங்கள். ரோமமும் ஈரக் கண்ணும் உள்ள ஒரு பிராணியை நூற்றைம்பது ஷாட்டுக்குக் கணினியில் உண்டாக்க உங்கள் மொத்தப் பணமும் போதாது. அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் பிள்ளைகள். பத்து வயதுக் குழந்தையிடம் "இங்கே ஒரு குட்டி இருக்கிறதாக நினைத்துத் தடவு" என்றால் கை காற்றில் ஒரே உயரத்தில் நிற்காது, பார்வை குட்டியைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். மடியில் கனமாக, சூடாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்று கிடந்தால் எந்தக் குழந்தைக்கும் நடிப்புச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் படத்தின் உயிரே அந்த மடியில்தான் இருக்கிறது. அதனால் 40 லட்சத்தில் 6 லட்சத்தை முதலிலேயே யாளிக்கென்று ஒதுக்கிவிடுங்கள்: செய்வதற்கு 3, ஆட்டுபவர்களின் ஒத்திகைக்கும் சம்பளத்துக்கும் 2, பழுதுபார்க்கவும் பொம்மையை ஆட்டும் கோலைப் படத்திலிருந்து அழிக்கவும் 1.

பொம்மைக்கு முன்னால் கதையில் ஒரு விதியை மாற்றுங்கள். இப்படிப்பட்ட கதைகளில் சிலை இரவில் உயிர்பெறுவதுதான் வழக்கம். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். பகலில் உயிர், விளக்கு வைத்ததும் கல். இதில் மூன்று லாபம். பிள்ளைகளை இரவுப் படப்பிடிப்பில் உட்கார வைக்க வேண்டாம். கல்லாக இருக்கும் காட்சிகளுக்கு ஆட்டுபவர் தேவையில்லை, காகிதக்கூழில் செய்த அசையாத பிரதி போதும். யாளி வரும் காட்சிகளில் மூன்றில் ஒரு பங்கை இதிலேயே முடிக்கலாம். மூன்றாவது, பரபரப்பு இலவசமாகக் கிடைக்கிறது. வெயில் சாயச் சாய, குட்டி கல்லாகிக் கனத்துப்போவதற்குள் அதை எங்காவது ஒளித்தாக வேண்டும். பொழுதுதான் வில்லன் என்றால் அடியாட்களும் கார் துரத்தலும் குறையும்.

இனி உருவம். மதுரை ஆயிரங்கால் மண்டபத்து யாளிகளைப் போய்ப் பாருங்கள், ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். பிதுங்கிய கண், விரிந்த வாய், கோரைப்பல் எல்லாம் காவல் நிற்கும் பெரிய யாளிக்கு. குட்டிக்கு நெற்றி உயரமாகவும் கண் முகத்தின் பாதிக்குக் கீழேயும் இருக்கட்டும். தந்தம் வேண்டாம். துதிக்கை குட்டையாக, 20 செ.மீ. போதும். பிடரி இருக்கலாம், உடம்பு முழுக்க ரோமம் வேண்டாம். உடல் நீளம் 60 செ.மீ.க்குள், எடை இரண்டரைக் கிலோவுக்குள். கூட்டத்திலேயே சின்னப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு இருபது அடி ஓட முடிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

ஒரே பொம்மையால் எல்லாம் ஆகாது. குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று முகக்காட்சிகளுக்கு: தலை, கழுத்து, முன்னங்கால்கள், அடியிலிருந்து கை நுழைக்க வழி. இன்னொன்று தூக்கிச் செல்ல: முழு உடம்பு, உள்ளே இயந்திரம் எதுவும் கிடையாது, வயிற்றிலும் பின்னந்தொடையிலும் சலித்த ஆற்று மணல் நிரப்பிய துணிப்பைகள். மணல் கீழே இறங்கித் தொங்குவதால் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோலவே இருக்கும். பஞ்சு மட்டும் அடைத்தால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் தலையணையாகத்தான் தெரியும்.

உடம்பை மெத்தைக் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல ஸ்பாஞ்சில் செய்யலாம். களிமண்ணில் உருவம் பிடித்து, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளையும் அதன்மேல் ஒட்டு நாடாவையும் சுற்றி, பேனாவால் கோடு போட்டு வெட்டிப் பிரித்தால் தையல்காரர் வெட்டும் துண்டுபோல வடிவங்கள் கிடைக்கும். அதை ஸ்பாஞ்சில் வைத்து வெட்டி, ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, 10 நிமிடம் காயவிட்டுச் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் நழுவும், பிறகு பிரிந்து வரும். இதே பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். கோயில் தூணைத் தெர்மாகோலில் செய்யும் கலைத்துறை ஆட்கள் அதே டப்பாவை எடுத்து ஒட்டி, தூணின் நடுவில் பள்ளம் விழுந்து நிற்பது அடிக்கடி நடக்கும் விபத்து. தெர்மாகோலுக்கு மரவேலையில் பயன்படும் வெள்ளைப் பசைதான். ஸ்பிரே பெயிண்டும் கூடாது, முதலில் வெள்ளைப் பசையும் சாக்பீஸ் தூளும் கலந்து இரண்டு பூச்சு கொடுத்துவிட்டு மேலே வண்ணம்.

முகத்துக்குத் தோல் வேண்டும். அதற்கு ரப்பர் பால் நல்ல பொருள், கன்னியாகுமரி மாவட்டம் ரப்பர் விளையும் பூமி. ஆனால் மரத்துப் பாலை அப்படியே வாங்கி வந்தால் தானாகவே உறைந்து கெட்டுவிடும். முன்பே வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய) லேட்டெக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். களிமண் முகத்தின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு துண்டு அச்சு எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பாலை உள்ளே ஊற்றிச் சுழற்றுங்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சப் பால் சுவரில் படியும். 2 முதல் 3 மி.மீ. கனம் சேர்ந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். காயும்போது தோல் சுருங்கும், எனவே களிமண் முகத்தை 5 முதல் 10 சதவீதம் பெரிதாகச் செய்துகொள்ள வேண்டும். முகத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டுக் கண்குழியை மறந்தால் கண் உள்ளே நுழையாது. அச்சிலிருந்து பிரிக்க டால்கம் பவுடர் மட்டும் போடுங்கள். எண்ணெயும் வாசலினும் ரப்பரை அரிக்கும். செம்பும் பித்தளையும் தோலைத் தொடக் கூடாது, தொட்ட இடம் இளகிக் கெட்டுப்போகும். உள்ளே கம்பி தேவைப்பட்டால் எஃகுதான். இன்னொன்றும் முக்கியம். சில பிள்ளைகளுக்கு லேட்டெக்ஸ் ஒவ்வாமை உண்டு. நடிகர் தேர்வு நேரத்திலேயே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் தோல் சிலிக்கோன் ரப்பராக மாற வேண்டும், செலவு ஏறும். பொம்மை முடிந்த பிறகு தெரிந்தால் இரட்டைச் செலவு.

கண்ணில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மி.மீ. அக்ரிலிக் அரைக்கோளம் வாங்கி, அச்சடித்த கருவிழிப் படத்தைத் தட்டைப் பக்கத்தில் தெளிந்த எபாக்ஸி பசையால் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு கண்ணும் நேர் முன்னே பார்த்தால் பொம்மை வெறித்துப் பார்க்கும். ஏறக்குறைய 80 செ.மீ. தூரத்தில் இரண்டு பார்வையும் சந்திக்குமாறு மிகச் சிறிதாக உள்நோக்கித் திருப்பி வையுங்கள். மடியில் வைத்திருக்கும் பிள்ளையின் முகம் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கும், குட்டி அதைத்தான் பார்க்கிறது என்று எல்லாருக்கும் தோன்றும். இமையைத் தூண்டில் நரம்பால் இழுத்து, சின்ன எஃகு ஸ்பிரிங்கால் திரும்ப விடலாம். ரப்பர் வளையம் போட்டால் வெயிலில் தளர்ந்து, மதியத்துக்குமேல் குட்டி தூங்கி வழியும்.

துதிக்கைக்கு மோட்டார் வேண்டாம். மோட்டார் சத்தம் போடும், பிள்ளைகளின் வசனத்தை நேரடி ஒலியில் எடுக்க முடியாது. சைக்கிள் பிரேக் ஒயர் போதும். 3 மி.மீ. கனமுள்ள பி.வி.சி. தகட்டில் 12 வட்டுகள், அடியில் 40 மி.மீ. விட்டம், நுனிக்குப் போகப் போக 14 மி.மீ. நடுவில் ஒரு ஸ்பிரிங் தண்டு, வட்டுகளுக்கிடையில் 15 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு வட்டிலும் நான்கு திசையில் நான்கு துளை, நான்கு உள் ஒயர்கள், கடைசி வட்டில் முடிச்சு. எதிரெதிர் ஒயர்கள் இரண்டையும் ஒரே நெம்புகோலின் இரு முனையில் கட்டினால் ஒன்று இழுபடும்போது மற்றது தளரும். இதில் வழக்கமாக மூன்று தவறு நடக்கும். நடுத் தண்டாக இடைவெளியுள்ள ஸ்பிரிங்கைப் போட்டால் துதிக்கை வளையாமல் உள்ளே சுருங்கும், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்பிரிங்தான் வேண்டும். ஒயரின் வெளி உறையைத் துதிக்கையின் அடியிலும் நெம்புகோல் பலகையிலும் இரண்டு இடத்திலும் இறுக்காவிட்டால் இழுக்கும் விசை உறையிலேயே செத்துப்போகும். ஒயர் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீண்டாலோ, திடீரென மடிந்து போனாலோ உராய்வு கூடி அசைவு திக்கித் திக்கி வரும். ஒவ்வொரு காலையும் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், அதுவும் தோலில் படாமல்.

மூச்சுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பையை மார்பு ஸ்பாஞ்சுக்கு அடியில் வைத்து, 2 மீட்டர் குழாய் இணையுங்கள். அதனுடன் வரும் பந்து உதவாது. அதில் ஒருவழி வால்வு உண்டு, காற்று போகும், திரும்பாது. பழைய பாம்-பாம் ஹாரனின் ரப்பர் பந்தில் ஊதல் நாக்கைக் கழற்றிவிட்டு மாட்டினால் அமுக்க மார்பு ஏறும், விட்டால் இறங்கும். மலிவான சங்கதிதான், ஆனால் மொத்தப் படத்திலும் அதிக வேலை செய்யப்போவது இதுவே. சாதாரண நேரத்தில் ஒரு மூச்சுக்கு 2 நொடி, பயந்தால் 1 நொடி, தூக்கத்தில் 4.

கல்லான யாளியின் பிரதிகளைக் கொலு பொம்மை செய்பவர்களிடம் கொடுங்கள். பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் காகிதக்கூழ் வேலை தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. நீங்கள் எடுத்த அதே அச்சைக் கொடுத்தால் உயிர்க்குட்டியும் கல்குட்டியும் ஒரே முகமாக இருக்கும். நான்கு பிரதி எடுங்கள், ஒன்று நிச்சயம் உடையும். ஈரப் பசையின்மேல் சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் கருஞ்சாம்பல் நீர்வண்ணம் ஓடவிட்டு, மூக்கிலும் காலடியிலும் விளக்குக் கரியும் எண்ணெயும் தடவினால் பூசை கண்ட கல்லாகிவிடும். மழை பட்டால் கூழ் உப்பும், பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். தூக்கும் காட்சியில் பிரதிக்குள் 3 கிலோ மணல் போடுங்கள். காலிக் கூட்டைத் தூக்கிக் கனமாக நடிக்கச் சொன்னால் பெரியவர்களுக்கே தோள் பொய் சொல்லும்.

ஆட்டுபவர்கள் மூன்று பேர்: ஒருவர் தலை, ஒருவர் துதிக்கை, ஒருவர் மூச்சும் இமையும். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டக் கலைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். கயிறுகளைத் தலையில் அணியும் இரும்பு வளையத்தில் கட்டி, கைகளுக்குக் கோல் பிடித்து, பத்துக் கிலோ எடையுள்ள பொம்மையை ஆட்டும் மரபு அவர்களுடையது. எடையை எங்கே தாங்கினால் அசைவு உயிராக வரும் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது மானிட்டரைப் பார்த்து ஆட்டுவதை மட்டுமே. படத்தில் இடம் வலம் குழம்பும், அது பழக இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். நடிப்பில் ஒரு விதி: தலை திரும்பும்போது இமை ஒருமுறை மூட வேண்டும், முதலில் இமை, பிறகு தலை, பிறகுதான் உடம்பு. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால் சாவி கொடுத்த பொம்மை.

ஆட்டுபவரை ஒளிக்க ஸ்டூடியோ தேவையில்லை, கிராமத்திலேயே வழி இருக்கிறது. கயிற்றுக் கட்டிலின் பின்னலை விலக்கினால் கை நுழையும். வைக்கோல் போருக்குள் ஆளே உட்காரலாம். கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரத்துக்கு அடியில் பள்ளம் தோண்டலாம், பம்ப்செட் அறைத் தொட்டியின் மறுபக்கம் படுக்கலாம். குட்டியும் பிள்ளைகளும் தரையில் விளையாடும் நீண்ட காட்சிகளுக்கு 4 அடி உயர மேடை போட்டு அதையே தரையாக்குங்கள், விளிம்பைச் சுற்றி மெத்தை போட்டு ஒரு ஆளையும் நிறுத்துங்கள். வயலில் குழி தோண்டுவதாக இருந்தால் காவிரிப் படுகையில் இரண்டு அடியிலேயே நீர் ஊறலாம். ஏரிக்கரைச் சரிவைத் தேடுவது புத்திசாலித்தனம்.

கோல் வைத்து நடக்கவிடும் ஷாட்டுகளை 40-க்குள் நிறுத்துங்கள். கேமரா அசையாமல் இருக்கட்டும், ஒவ்வொரு ஷாட்டும் முடிந்த உடனே யாருமில்லாத காலி பிரேமை 10 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் கோலை அழிப்பார்கள். மேகம் கடந்துவிட்டால் காலி பிரேமும் ஷாட்டும் ஒட்டாது, அதனால் "பிறகு எடுக்கலாம்" என்ற பேச்சே கூடாது. கோலுக்குப் பச்சை வண்ணம் அடிக்காதீர்கள், பிடரியில் பச்சை ஒளி படிந்து போகவே போகாது. பின்னணியின் நிறத்தில் மங்கலாக அடித்தால் பாதி வேலை குறையும். பிள்ளையின் தலைமுடிக்கு முன்னால் கோல் போகாமல் பார்த்துக்கொண்டால் டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே முடித்துவிடலாம்.

கேமராவைக் குட்டியின் கண் உயரத்தில் வையுங்கள், லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எல்.இ.டி. எப்போதும் எரியட்டும். அக்ரிலிக் கண்ணில் அந்த ஒரு வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் குட்டி செத்துக் கிடக்கும். நொடிக்கு 24 பிரேமில், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் மினுக்காமல் இருக்க ஷட்டர் 172.8 டிகிரி, அதாவது 1/50 நொடி. இருட்டு வேண்டிய காட்சிகளைப் பகலிலேயே எடுக்கலாம்: சூரியன் பிள்ளைகளுக்குப் பின்னால், வானம் பிரேமுக்கு வெளியே, கேமரா 3200 கெல்வினில் (படம் நீலம் பாயும்), வெளிச்சம் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அரிக்கேன் விளக்கு பிரேமில் இருந்தால் உள்ளே பலமான எல்.இ.டி. வைக்க வேண்டும், திரிச்சுடர் பகலில் தெரியாது.

தாய் யாளியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் காட்டுங்கள். முழு உருவம் வேண்டாம், தலையும் ஒரு முன்னங்காலும் போதும். பொய்க்கால் குதிரைக் கூடு கட்டுபவர்களுக்கு எடை குறைந்த கூட்டை இடுப்பில் தாங்கி ஆடும் நுட்பம் தெரியும். பிரம்புக் கூடு, மேலே காகிதக்கூழ் முகம், எல்லாம் சேர்த்து 6 கிலோ. பின்னொளி, புகை, தூசி. கதையில் இருக்க வேண்டிய அளவில் பாதிதான் செய்திருக்கிறீர்கள் என்றால் வேகத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி, நொடிக்கு 34 பிரேமில் எடுத்து 24-ல் ஓடவிடுங்கள், கனம் வந்துவிடும். அப்போது ஷட்டரை 1/100-க்கு மாற்றிக்கொண்டால் விளக்கு மினுக்காது.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது, குறுக்கு வழி தேடாதீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் படிவம் சி-யில் உறுதிமொழி கொடுத்து அனுமதி பெற வேண்டும், அது 6 மாதம் செல்லும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதி. படத்தில் அறிவிப்பும் போட வேண்டும். இந்த 5 மணி நேரத்தை வைத்தே அட்டவணை போடுங்கள்: காலை 7:30 முதல் மதியம் வரை பிள்ளைகளும் யாளியும் சேர்ந்த ஷாட்டுகள், பிள்ளைகள் போன பிறகு துதிக்கை, கால், கண் என்று தனித் துண்டுகள். பொம்மை ஷாட் ஒரு நாளைக்கு ஆறு எட்டுதான் தேறும். இருபது போட்டு வைத்தால் மூன்றாம் நாளே கடன்.

முடிந்தவரை கதை வரிசையில் எடுங்கள். 1982-ல் வந்த 'ஈ.டி.' படத்தைப் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்தார்கள், பிள்ளைகளின் பிரிவுத் துயரம் கடைசியில் தானாக வந்தது. ஒரே கிராமத்தில் எடுக்கும் உங்களுக்கு இது பெரிய படங்களைவிடச் சுலபம். அதே சமயம் அழவைப்பதற்காகப் பொம்மையை உடைப்பது, குட்டி செத்துவிட்டதென்று ஏமாற்றுவது எதுவும் வேண்டாம். உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்தும் பிள்ளைகள் குட்டியோடுதான் பேசுவார்கள். கேமரா ஓடாதபோதும் மூச்சை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

குரலுக்கு ஆட்டுக்குட்டிச் சத்தம், காலிக் குடத்தின் வாயில் ஊதும் காற்று, சங்கின் அடி ஒலி ஆகிய மூன்றையும் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து சுருதியை ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். தாய்க்கு உடுக்கை. நடுக்கயிற்றை இறுக்கி விடும்போது வளையும் அந்த நாதத்தை இரண்டு ஸ்தாயி இறக்கினால் நெஞ்சுக்குள் அதிரும்.

அனுமதிகளில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கவனியுங்கள். ஆடோ நாயோ ஒரே ஒரு ஷாட்டில் நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், தணிக்கையில் அந்தச் சான்று கேட்பார்கள். வாரியம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. கதைக்கு நாய் அவசியமில்லையென்றால் எடுத்துவிடுங்கள். கோயிலுக்குள் எடுக்க அறநிலையத்துறையிடமோ, பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தொல்லியல் துறையிடமோ போக வேண்டியிருக்கும். தெர்மாகோல் தூண் இரண்டும் ஒரு பழைய தனியார் சத்திரமும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். தணிக்கையில் 2024 முதல் யு/ஏ 7+ என்று தனிப் பிரிவு இருக்கிறது. இருட்டும் துரத்தலும் அளவாக இருந்தால் யு-வே கிடைக்க வாய்ப்புண்டு.

படத்தொகுப்பு முடியும்போது எப்படியும் இரண்டு நாள் துண்டு ஷாட்டுகள் பாக்கி இருக்கும். அதுவரை பொம்மையைக் காத்து வையுங்கள்: முகத்துக்குள் கசக்கிய வெள்ளைத் தாள் அடைத்து, டால்கம் பவுடர் தூவி, பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத அலமாரியில். வேன் டாப்பில் போட்டு அனுப்பிய லேட்டெக்ஸ் முகம் திரும்பி வரும்போது வெடித்திருக்கும்.